தென்னை நார்க் கயிறு: மூன்று புரியில் ஒன்று மட்டும் நேராக நிற்பது ஏன்?

தோப்புவாசி:

மேய்ச்சலில் மாடு கட்ட 12 மி.மீ. தடிப்பில், 35 அடி நீளத்தில் கயிறு வேண்டும். நைலான் கயிறு காலைச் சுற்றினால் தோலை அறுத்துவிடுகிறது என்பதால் தென்னை நாரிலேயே திரிக்கிறோம். தோப்புத் தேங்காய் மட்டையை மில்லில் கொடுத்து வாங்கிய பழுப்பு நார். ஊன்றிய பலகையில் மூன்று கொக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கைப்பிடி. எதிர்முனையில் ஒரே கொக்கி, அதை ஒருவர் கையில் பிடித்திருப்பார். நாரை முறுக்கிய மெல்லிய சரடு இழை, இழைகள் சேர்ந்தது புரி, மூன்று புரி சேர்ந்தது கயிறு. புரிக்கு மூன்று இழை, ஆக மொத்தம் ஒன்பது இழை, 40 அடிக்கு ஓட்டியது.

வந்த குறைகள் இவை. முடிந்த கயிறு 28 அடிதான் தேறியது. ஒரு புரி நேராக நடுவில் ஓடுகிறது, மற்ற இரண்டும் கொடி மாதிரி அதைச் சுற்றிக் கிடக்கின்றன. தரையில் போட்டால் கயிறு தானாகச் சுருண்டு கண் போடுகிறது. இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகு புரிகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்துவிட்டது. எதை மாற்ற வேண்டும்? இதே கயிறு ஊஞ்சலுக்கு ஆகுமா?

காளைமேடு:

முறுக்கு பத்தல. புரிக்கு இன்னும் நல்லா முறுக்கேத்துங்க, நார் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும், தளராது. ஏத்த ஏத்த வலுதான்.

முப்புரி:

காளைமேடு அண்ணன் சொல்வது இழைக்குப் பொருந்தும், அதற்கும் ஒரு எல்லை உண்டு. தென்னை நார் பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருப்பதில்லை. முறுக்கினால் ஏற்படும் அழுத்தம்தான் அந்தத் துண்டு நார்களை ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. பிடிமானம் வரும்வரை முறுக்க முறுக்க வலு ஏறும். அதைத் தாண்டினால் நார் கயிற்றின் போக்கை விட்டுக் குறுக்கே சாய்ந்துவிடும், இழுவையைத் தாங்காது, வலு இறங்கும். கயிறும் விறகாக விறைத்துப்போகும்.

தோப்புவாசி சொன்ன கோளாறு முறுக்கின் அளவில் இல்லை. மூன்று புரிக்கும் முறுக்கு சமமாக ஏறாததுதான் காரணம். தனித்தனிக் கைப்பிடி என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே விடை இருக்கிறது. ஒன்றில் முறுக்கு கூடினால் அந்தப் புரி கூடுதலாகச் சுருங்கி, குட்டையாகி, விறைத்து நிற்கும். மற்ற இரண்டும் நீளம் மிச்சமிருப்பதால் அதைச் சுற்றிக்கொள்ளும். பார்வைக்குத்தான் அது முப்புரிக் கயிறு. இழுக்கும்போது முழுப் பாரமும் அந்த நேர்ப்புரி மேலேயே விழும். அது அறுந்ததும் மற்றவை ஒவ்வொன்றாகப் போகும்.

கைப்பிடியை இப்படி மாற்றுங்கள். 6 மி.மீ. இரும்புக் கம்பியில் மூன்று துண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் நேர்கோணமாக மடக்குங்கள். ஊன்றிய பலகையில் முக்கோணமாக மூன்று துளை போட்டுக் கம்பிகளை நுழையுங்கள். முன்பக்க முனையைக் கொக்கியாக வளையுங்கள். பின்பக்க முனைகள் மூன்றையும் அதே இடைவெளியில் மூன்று துளை போட்ட சின்னப் பலகை ஒன்றில் செருகுங்கள். அந்தச் சின்னப் பலகையைப் பிடித்து வட்டமாகச் சுற்றினால் மூன்று கொக்கியும் ஒரே வேகத்தில், ஒரே எண்ணிக்கையில் சுற்றும். கம்பிகளின் மடிப்பு அளவு மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை விரல் வித்தியாசம் இருந்தாலும் பலகை பாதிச் சுற்றில் சிக்கி நின்றுவிடும்.

அடுத்தது எதிர்முனை. கையில் பிடிப்பதை விட்டுவிடுங்கள். முறுக்கேறும்போது புரி சுருங்கி ஆளை முன்னால் இழுக்கும், அவர் ஒரு நேரம் விடுவார், ஒரு நேரம் இழுப்பார். அதனால் ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொய்வு. ஒரு பலகையில் கொக்கியை நிறுத்தி, மேலே கல் ஏற்றித் தரையில் வையுங்கள், அது தானாக நகர்ந்து வரட்டும். இந்தத் தடிப்புக்குக் கல்லும் பலகையும் சேர்ந்து 15 கிலோவில் ஆரம்பிக்கலாம். புரி நடுவில் சுருண்டு கண் போட்டால் எடை பத்தவில்லை. இழை அறுந்தால் கூடிவிட்டது.

நீளக் கணக்கு: இழை நீளத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை முறுக்கில் போகும். உங்கள் 40 அடி 28 ஆனது இயல்புதான். 35 அடி வேண்டுமானால் 50 அடிக்கு ஓட்டுங்கள். தரையில் 50 அடியில் ஒரு முளை, 43 அடியில் ஒரு முளை. புரி முறுக்கும்போது கல் பலகை 43-ஐத் தொட்டதும் நிறுத்துங்கள். ராட்டை, அதாவது அந்த மூன்று கொக்கி அமைப்பை, சுற்றிய எண்ணிக்கையை நம்ப வேண்டாம். நாரின் ஈரத்துக்கும் இழையின் தடிப்புக்கும் ஏற்ப எண்ணிக்கை மாறும், சுருக்கம் பொய் சொல்லாது. மீதிச் சுருக்கம் மூன்று புரியும் சேர்ந்து கயிறாகும்போது வரும், 36, 37 அடியில் நிற்கும். இரு நுனியும் வெட்டிவிட்டால் 35.

முறுக்கின் திசையையும் சரிபாருங்கள். ராட்டுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பார்த்தபடி, இழை திரிக்க இடமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும். இழைகளைச் சேர்த்துப் புரியாக்க வலமாக. புரிகளைச் சேர்த்துக் கயிறாக்க, எதிர்முனையில் இருப்பவர் தன் இடத்திலிருந்து கயிற்றைப் பார்த்தபடி இடமாக. ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்துக்கு எதிர்முறுக்கு. முழுவதையும் தலைகீழாகச் செய்தாலும் கயிறு வரும், மாறி மாறி வர வேண்டும் என்பதுதான் விதி. இழையும் புரியும் ஒரே திசையில் போய்விட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நுனியை விட்டதும் பிரிந்துவிடும்.

கயிறு சேர்க்கும் கட்டத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்: எதிர்முனைக் கொக்கி சுற்றச் சுற்ற புரிகளில் ஏற்றிய முறுக்கு அவிழும். அதனால் மூன்று கொக்கி ராட்டும் கூடவே வலமாக அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதை நிறுத்தி வைத்துக் கயிறு சேர்த்தால் கிடைப்பது தொளதொளத்த கயிறு. புரிகளுக்கு நடுவே விரல் நுழைவதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

புரிகளுக்கு நடுவே கூம்புக் கட்டை வைக்கிறீர்களா? எழுதவில்லை. இல்லையென்றால் வேம்பிலோ பூவரசிலோ ஒரு கட்டையைக் கூம்பாகச் சீவி, பக்கவாட்டில் சம இடைவெளியில் மூன்று பள்ளம் தோண்டுங்கள். பள்ளம் புரியின் பாதித் தடிப்புக்கு ஆழம் இருந்தால் போதும், ஆனால் வழவழவென்று தேய்த்திருக்க வேண்டும். சின்ன முனை ஒற்றைக் கொக்கியைப் பார்க்கும்படி அதன் அருகே புரிகளுக்கு நடுவில் நிறுத்துங்கள். கயிறு பின்னால் சேரச் சேர, அது கட்டையைத் தானே முன்னால் தள்ளும். கட்டை பிடிப்பவரின் வேலை அதைத் தள்ளுவது அல்ல, அடக்கிப் பிடிப்பது. விட்டால் கயிறு நீண்டு தளரும், அதிகம் தடுத்தால் முறுக்கேறி விறைக்கும். அளவுகோல் என்னவென்றால், ஒரு புரி கயிற்றை ஒரு முழுச் சுற்று சுற்றி வர எடுக்கும் தூரம் கயிற்றின் தடிப்பைப் போல மூன்று மடங்கு. 12 மி.மீ. கயிற்றுக்கு 36 மி.மீ., ஏறக்குறைய இரண்டு விரல் அகலம். 35 அடிக்குக் கணக்குப் போட்டால் 300 சுற்று. முதல் ஒரு முழம் சேர்ந்ததும் நிறுத்தி இந்த அளவைப் பார்த்துவிடுங்கள்.

கதம்பை:

முப்புரி ராட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார். நாரையும் ஈரத்தையும் நான் சொல்கிறேன், நாகர்கோவில் பக்கம்.

காய்ந்ததும் தளர்ந்தது என்றால் நாரைச் சொட்டச் சொட்ட நனைத்துத் திரித்திருக்கிறீர்கள். நார் தண்ணீர் குடித்தால் பருக்கும். பருத்த நாரில் கயிறு இறுக்கமாகத்தான் தெரியும். காய்ந்து நார் ஒல்லியானதும் புரிகளுக்கு நடுவே இடம் விடும். அதற்காகக் காய்ந்த நாரில் திரிக்கவும் முடியாது. ஒடியும், வழுக்கும், கயிறெல்லாம் முடி சிலிர்த்து நிற்கும். முந்தின நாள் மாலையில் தண்ணீர் தெளித்துச் சாக்கில் மூடி வையுங்கள். காலையில் ஒரு பிடி நாரைக் கசக்கினால் கை குளிர வேண்டும், சொட்டு விழக் கூடாது. அதுதான் பதம்.

இங்கே பழைய முறையில் பச்சைக் கதம்பையை (தேங்காய் மட்டையை) காயலோரக் குழியில் அமிழ்த்தி 6 முதல் 10 மாதம் வரை அழுகவிட்டு, எடுத்துத் தடியால் அடித்து நார் பிரிப்பார்கள். அதற்கு 10, 11 மாதக் காயின் மட்டை வேண்டும். அந்த நார் வெளுத்து மிருதுவாக இருக்கும், கையிலேயே இழை ஓடும். நீங்கள் வைத்திருப்பது முற்றிய காயின் காய்ந்த மட்டையை நனைத்து இயந்திரத்தில் கிழித்தது. முரடு, விறைப்பு. கயிற்றுக்கு ஆகாது என்றில்லை. சிங்கம்புணரி, பொள்ளாச்சிப் பக்கம் ஓடுவதெல்லாம் இதுதான். ஆனால் மில்லிலிருந்து வரும் சிப்பத்தில் தூளும் குட்டை நாரும் கலந்திருக்கும். அப்படியே திரித்தால் தூள் காய்ந்து உதிர்ந்து கயிறு உள்ளே பொக்கையாகும். கம்பி வலை மேல் உதறுங்கள், தடியால் அடித்து மறுபடி உதறுங்கள். நாலு விரல் நீளத்துக்குக் குறைந்ததைத் தள்ளிவிட்டு மெத்தைக்கோ செடிக்கோ போடுங்கள்.

அளவு: இந்தக் கயிற்றுக்கு முக்கால் கிலோவுக்கு மேல் நார் போகும், சேதாரத்தோடு ஒன்றேகால் கிலோ சுத்தமான நார் எடுத்து வையுங்கள். 1000 மட்டைக்கு 80 கிலோ நார் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஆக 15, 16 மட்டை.

இழை 3 மி.மீ. தடிப்பில் ஒரே சீராக ஓட வேண்டும். பின்னால் நடந்துகொண்டே நார் விடும்போது, புதுக் கற்றையின் பாதி நீளமாவது பழையதோடு ஏறியிருக்க வேண்டும். நுனியோடு நுனி வைத்தால் அங்கேதான் அறும். ஓரிடம் மெலிந்தால் முறுக்கு அங்கே ஓடிப்போய்ச் சேரும், பக்கத்திலுள்ள தடித்த இடம் முறுக்கே இல்லாமல் பஞ்சாகக் கிடக்கும். பார்க்க மெலிந்த இடம் பலவீனம் போலத் தோன்றும், பிய்வது பெரும்பாலும் அந்தப் பஞ்சு இடத்தில். இழையை இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிட்டால் கண்ணுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரிந்துவிடும். அப்படி இடம் வந்தால் அவிழ்த்து நார் கூட்டியோ குறைத்தோ மறுபடி ஓட்டுங்கள், பிறகு சரியாகும் என்று விடாதீர்கள்.

இழைக்கு ஏற்றும் முறுக்கு கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும். புரியாக்கும்போது எதிர்த்திசையில் போவதால் அதில் ஒரு பகுதி அவிழும்.

தோப்புவாசி:

இருவருக்கும் நன்றி. கூம்புக் கட்டை வைக்கவில்லை, கையால்தான் புரிகளை விலக்கிப் பிடித்தோம். சேர்க்கும்போது ராட்டையும் சுற்றவில்லை. ஒரு சந்தேகம். தரையில் போட்டால் சுருள்வது முறுக்கு கூடியதாலா, குறைந்ததாலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

வடக்கயிறு:

கொக்கியிலிருந்து கழற்றும் முன்பே பார்த்துவிடலாம். கயிற்றின் நடுவில் இரண்டு கை அகல நீளத்தைத் தளர்த்தி, வளையமாகக் கீழே தொங்கவிடுங்கள். வளையம் சும்மா தொங்கினால் சமமாக வந்திருக்கிறது. சுற்றிக்கொண்டால், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கவனியுங்கள். கயிற்றில் புரிகள் ஓடும் அதே சாய்வில் வளையமும் சுற்றினால், புரிகளுக்குள் முறுக்கு மிச்சம் இருக்கிறது, அதைத் தீர்க்கக் கயிறு இன்னும் திரும்பப் பார்க்கிறது. ஒற்றைக் கொக்கியை மேலும் சில சுற்று இடமாகச் சுற்றுங்கள். எதிர்ச் சாய்வில் சுற்றினால் கயிற்று முறுக்கு கூடிவிட்டது, சில சுற்று திருப்பி விடுங்கள். பத்துப் பத்துச் சுற்றாக மாற்றி மறுபடி தொங்கவிட்டுப் பாருங்கள்.

நீங்கள் சேர்க்கும்போது ராட்டைச் சுற்றாததால் புரி தளர்ந்திருக்கும், அதனால் இரண்டாவது வகையாக இருக்கவே வாய்ப்பு. முடிந்த கயிற்றைத் திருப்பி விட்டுச் சுருளைப் போக்கலாம், ஆனால் நேர்ப்புரி போகாது. அதை அவிழ்த்து இழைகளை மறுபடி ஓட்டுவதே வேலைக்கு ஆகும்.

சமமானதும் இரு முனையையும் மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டி, ஈரம் இருக்கும்போதே சாக்குத் துண்டால் அழுத்தித் தேயுங்கள். புரிகள் படியும், சிலிர்த்த முடி உதிரும். அப்படியே நிழலில் காயவிடுங்கள், ஒரு நாள் விட்டு மறுபடி இறுக்குங்கள். நேரடி வெயிலில் தரையில் போடுவதால்தான் மேல்நார் முதலில் காய்ந்து சுருங்கிக் கோணுகிறது.

ஊஞ்சலுக்கு இந்தக் கயிறு வேண்டவே வேண்டாம். வாழை இன நாரில் திரிக்கும் மணிலாக் கயிறு 12 மி.மீ.யில் ஏறக்குறைய 1 டன்னில் அறும். தென்னை நாருக்கு அதில் கால் பங்குதான் கணக்கு, அதாவது 250 கிலோ, அதுவும் நல்ல தொழிற்சாலைக் கயிற்றில். மேலே முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் பாதி வலு போகும். ஆள் ஏறும் கயிற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு பாரம்தான் வைக்கலாம். 25 கிலோவில் யாரை உட்கார வைப்பீர்கள்? கொக்கியில் தேயும் இடம் உள்ளுக்குள் பொடியாவது வெளியே தெரியவும் தெரியாது. ஊஞ்சலுக்குச் சங்கிலி போடுங்கள்.

மாட்டுக்கு இதே கால் பங்கு வலு போதும் என்பதற்குக் காரணம் வேறு. தென்னை நார் அறும் முன் தன் நீளத்தில் 15 முதல் 40 சதவீதம் வரை நீளும். கற்றாழை (சிசல்) நார் 2, 3 சதவீதத்திலேயே முடிந்துவிடும். மாடு திடீரென்று மிரண்டு இழுக்கும்போது வெடுக்கென்று வரும் இழுவையைத் தென்னங்கயிறு நீண்டு உள்வாங்கிக்கொள்ளும், கழுத்துக்கும் அடி குறையும். காளை, எருமைக்கு மட்டும் 16 மி.மீ.க்குப் போய்விடுங்கள். புரிக்கு ஐந்து இழை ஓட்டினால் அந்தத் தடிப்பு வரும்.

நாலு புரி போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். மூன்று புரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தானாக நிற்கும். நாலில் நடுவே ஓட்டை விழும், அதை அடைக்க உள்ளே ஒரு நடு இழை ஓட்ட வேண்டும். வீட்டு வேலைக்கு அந்தத் தலைவலி எதற்கு.

பனையடி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். இஞ்சை பொச்சு மட்டையைக் கரையோரக் கிடங்கில கல்லு பாரம் வைச்சு ஊறப்போட்டு எடுக்கிற தும்பு, அதாவது நார், உப்புத் தண்ணிக்கு ஒண்டும் ஆகாது, கடலுக்கும் அந்தக் கயிறுதான் தாக்குப்பிடிக்கும், மிதக்கவும் செய்யும். எண்டபடியால் சில பேர் திரிக்கிற தும்புக்கு உப்புத் தண்ணி தெளிப்பினம். மாடு கட்டுற கயிறு எண்டால் அதைச் செய்யாதேங்கோ. உப்புக்கு மாடு கயிற்றை நக்கி நக்கிச் சப்பிப் போடும், நல்ல தண்ணியே காணும்.

நுனியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. வெட்டுறதுக்கு முதல் வெட்டுற இடத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய சரடால் கயிற்றின்ர தடிப்பு அளவுக்கு நெருக்கிச் சுற்றிக் கட்டிப்போட்டு, பிறகு நடுவில வெட்டுங்கோ. கட்டாமல் வெட்டினால் உங்கட 300 சுற்றும் கண்ணுக்கு முன்னால அவிழத் தொடங்கும். கழுத்துப் பக்கம் வளையம் வேணுமெண்டால் முடிச்சை விட்டிட்டு, நுனியை ஒரு சாண் பிரிச்சு மூன்று புரியையும் கயிற்றின்ர புரிகளுக்குக் கீழால ஒன்று விட்டு ஒன்று கோர்த்து இழுங்கோ. ஒவ்வொரு புரியும் குறைஞ்சது மூன்று தரம் கோர்க்கவேணும். தும்பு முரடு எண்டபடியால் நல்லாக் கவ்வும். முடிச்சில போற வலுவில பெரும்பங்கு இதில மிஞ்சும், மாட்டின்ர கழுத்திலயும் முட்டாது.

காளைமேடு:

முறுக்கு விஷயம் சரி, ஒத்துக்கிறேன். மூக்கணாங்கயிறும் இதே நாரில் திரிச்சுடலாம்ல?

கதம்பை:

திரிக்கக் கூடாது அண்ணே. நார் முரடு, மூக்குத் துளையில் ஓடி ஓடிப் புண்ணாக்கிவிடும், ஈ மொய்த்துப் புழு வைக்கும். மூக்குக்குப் பருத்தி நூல்தான். பல இழை சேர்த்து இதே மூன்று கொக்கி ராட்டில் மெல்லிசாகத் திரிக்கலாம், அதற்குக் கல் எடை 3 கிலோ போதும்.

சணப்பு நாரும் மிருதுதான், தலைக்கயிற்றுக்கும் பிடிகயிற்றுக்கும் நன்றாக வரும். பூத்த பிறகு அறுத்து, கட்டாகக் கட்டித் தேங்கிய தண்ணீரில் அமிழ்த்தினால் ஒரு வாரத்துக்குள் பட்டை கழன்று வரும். தினமும் ஒரு தண்டை ஒடித்துப் பாருங்கள். பட்டை அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் உரிந்தால் உடனே எடுத்துக் கழுவிவிட வேண்டும். இரண்டு நாள் கூடினால் நாரே அழுகி வலு போய்விடும். கற்றாழை நார் முழ நீளத்துக்கு மேலேயே வரும், வலு தென்னையை விட எத்தனையோ மடங்கு. ஆனால் மடலைச் சீவும்போது அதன் சாறு பட்டால் கை அரித்துத் தடிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, நாரை நாலைந்து தண்ணீர் மாற்றி அலசிய பிறகுதான் தொட வேண்டும்.

முப்புரி:

தோப்புவாசிக்கு இன்னொன்று. காய்ந்த கயிற்றைச் சுருட்டி வைக்கும்போது வலமாக, கடிகார முள் போகும் போக்கில் சுருட்டுங்கள். நான் மேலே சொன்ன திசையில் சேர்த்த கயிறு அப்படித்தான் படியும். எதிராகச் சுருட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு அவிழ்ந்து மறுபடி கண் போட ஆரம்பிக்கும். தரையில் வைக்காமல் ஆணியில் மாட்டுங்கள், ஈரத்தரையில் கிடந்தால் அடிப்பக்கம் பூசணம் பிடித்துவிடும்.